காபி டம்ளரும் எடை மெஷினும்: கர்ப்பிணிகளின் கேள்விகளுக்குப் பதில்கள்

கர்ப்ப காலச் சாப்பாடு பற்றி எழுதிக் கேளுங்கள் என்று போன இதழில் ஒரு வரி போட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதி காபியைப் பற்றி. காவிரிக்கரையில் உட்கார்ந்துகொண்டு கேட்டால் வேறு எதைப் பற்றி வரும்! ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை, மகப்பேறு மருத்துவமனையில் உணவு ஆலோசகர். ஊசி, ஸ்கேன், மாத்திரை அளவு எல்லாம் உங்கள் டாக்டரிடம். தட்டிலும் டம்ளரிலும் இருப்பது என்னிடம்.

எனக்கு நாலாம் மாதம். காலையில் ஒன்று, பதினோரு மணிக்கு ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று மூன்று டம்ளர் ஃபில்டர் காபி குடிக்கிறேன். காபி குடித்தால் குழந்தை கறுப்பாகப் பிறக்கும் என்கிறார் மாமியார். செல்போனில் எதையோ படித்துவிட்டு, ஒரு சொட்டுகூடத் தொடாதே என்கிறார் கணவர். டாக்டர் "குறைச்சுக்கோங்கம்மா" என்றதோடு சரி. எவ்வளவுதான் குடிக்கலாம்?
– வாசகி, கும்பகோணம்

முதலில் மாமியாருக்கு. குழந்தையின் நிறம் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி வழியாக வருவது. காபிக்கும் அதில் பங்கில்லை, குங்குமப்பூவுக்கும் பங்கில்லை. குங்குமப்பூ வாங்கும் காசுக்கு எத்தனை முட்டை வரும் என்று ஒரு தடவை கணக்குப் பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்து கணவருக்கு. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கமும் பிரிட்டனின் அரசு மருத்துவத் துறையும் கர்ப்பிணிக்கு வைத்திருக்கும் வரம்பு, நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் கஃபீன். 300-க்கு மேல் போகிறவர்கள் குறைத்துக்கொள்ள வேண்டும் என்று 2016-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. பிரிட்டனும் முன்பு 300 என்றுதான் வைத்திருந்தது. லீட்ஸ், லெஸ்டர் நகரங்களில் இரண்டாயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். அதிகக் கஃபீன் எடுத்துக்கொண்டவர்களின் குழந்தைகள் எடை குறைந்து பிறக்கும் வாய்ப்பு கூடுவது தெரிந்தது. 2008-ல் அந்த முடிவு வந்ததும் 200-ஆகக் குறைத்துவிட்டார்கள். நானும் 200-ஐத்தான் சொல்வேன். அதற்கும் கீழே இருந்தால் இன்னும் நல்லது. ஒரு சொட்டுகூடக் கூடாது என்று பயமுறுத்துவதற்கு அவசியம் இல்லை.

மற்றவர்களுக்கு இல்லாத கட்டுப்பாடு கர்ப்பிணிக்கு மட்டும் ஏன்? குடித்த கஃபீனில் பாதி, சாதாரணமாக ஐந்து மணி நேரத்தில் உடம்பை விட்டுப் போய்விடும். அதை உடைத்து வெளியே அனுப்பும் கல்லீரல் நொதி கர்ப்பத்தில் மந்தமாகிவிடுகிறது. கடைசி மாதங்களில் அதே பாதி போவதற்குப் பதினைந்து மணி நேரம் வரைகூட ஆகும். சாயங்காலம் நாலு மணிக்குக் குடித்ததில் பாதி, மறுநாள் காலை ஏழு மணிக்கு அடுத்த டம்ளர் வரும்போதும் உள்ளேயே இருக்கிறது. நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கும் போகிறது. குழந்தையிடமோ அதை உடைக்கும் நொதியே இன்னும் தயாராகவில்லை.

சரி, உங்கள் மூன்று டம்ளரில் எத்தனை மில்லிகிராம்? இங்கேதான் வெளிநாட்டு அட்டவணைகள் கைவிட்டுவிடும். அவர்கள் "ஒரு மக்" என்று எழுதுகிறார்கள். நம் வீட்டிலோ ஒரே டம்ளரில் மாமனாருக்குக் கள்ளிச்சொட்டாக டிகாக்ஷன், மாமியாருக்குப் பாதிப் பால், கடைசியில் மருமகளுக்கு இரண்டாம் டிகாக்ஷன் என்று ஆளுக்கு ஒரு அளவு. அதனால் டம்ளரை விட்டுவிட்டுப் பொடியைக் கணக்குப் பாருங்கள். அராபிகா கொட்டையில் எடைக்குச் சுமார் 1.2 சதவீதம் கஃபீன். ரொபஸ்டாவில் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. சிக்கரியில் கஃபீன் கிடையாது. எண்பதுக்கு இருபது கலந்த பொடி பத்து கிராம் எடுத்தால், அதில் காபி எட்டு கிராம். முழுக்க அராபிகா என்றால் தொண்ணூறு சொச்சம் மில்லிகிராம். பாதி ரொபஸ்டா கலந்திருந்தால் 130-ஐத் தாண்டும். முழுவதும் டிகாக்ஷனில் இறங்கிவிடாதுதான், ஆனாலும் பெரும்பகுதி முதல் டிகாக்ஷனிலேயே வந்துவிடும். கடையில் வாங்கும்போது "பிளான்டேஷன் (அராபிகாவுக்குக் கடையில் சொல்கிற பெயர்) எவ்வளவு, ரொபஸ்டா எவ்வளவு, சிக்கரி எவ்வளவு" என்று கேளுங்கள். எதிரிலேயே அரைத்துக் கொடுக்கிற கடைக்காரர் சொல்லிவிடுவார்.

அப்புறம் கரண்டி. "மூணு ஸ்பூன்தான் போடுவேன்" என்று சொன்ன ஒரு பெண்ணிடம், அந்த ஸ்பூனைக் கொண்டு வாருங்கள் என்றேன். அடுத்த தடவை பையிலிருந்து எடுத்தார்: ஊறுகாய் ஜாடிக்குப் போடுகிற நீளக் காம்புக் கரண்டி, குழி நல்ல ஆழம். குவித்து எடுத்துத் தராசில் கொட்டினால் ஒரு கரண்டி பதினான்கு கிராம்! மூன்று கரண்டிப் பொடியில் இறங்கும் டிகாக்ஷனை அவரும் கணவரும் மட்டும் இரண்டு வேளையாகக் குடித்துத் தீர்க்கிறார்கள். அதனால் உங்கள் வீட்டுக் கரண்டியை ஒரு நாள் நிறுத்துப் பாருங்கள். தராசு இல்லையென்றால் காபிப்பொடிக் கடையில் இருக்கிறது.

உங்களுக்கு என் யோசனை: காலைக் காபியை விட வேண்டாம், அது இல்லாமல் வீட்டில் யாருக்கும் நிம்மதி இருக்காது. பதினோரு மணிக் காபியை மோராக மாற்றுங்கள். சாயங்காலம் அரை டம்ளர், டிகாக்ஷன் இளசாக. மூன்றையும் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள், தலைவலி மண்டையைப் பிளக்கும். அந்தத் தலைவலிக்குக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டால் இன்னும் வேடிக்கை. சில தலைவலி மாத்திரைகளிலேயே கஃபீன் சேர்த்திருக்கிறார்கள். கோலாவும் கணக்கில் வரும். எனர்ஜி பானம் வேண்டவே வேண்டாம். சுக்குமல்லிக் காபியில் பெயரில் மட்டும்தான் காபி, ஆனால் சில வீடுகளில் நிறத்துக்காக ஒரு கரண்டி காபிப்பொடியும் போடுவார்கள். கேட்டுக்கொள்ளுங்கள்.

அக்கா, நானும் வீட்டுக்காரரும் டீக்கடை வைத்திருக்கிறோம். எனக்கு ஆறாம் மாதம். ஒரு நாளைக்கு ஏழு கிளாஸ் டீ ஆகிவிடும். ரத்தம் 8.9 தான் இருக்கிறது என்று நர்ஸம்மா திட்டினார்கள். மாத்திரையை ஒழுங்காகத்தான் போடுகிறேன், காலையில் முதல் டீயோடு. பச்சரிசியை மென்றுகொண்டே இருக்கணும் போலவும் இருக்கிறது. ஈரல் சாப்பிட்டால் ரத்தம் ஊறுமா?
– வாசகி, சிவகாசி

தங்கச்சி, உங்கள் கடிதத்திலேயே பதில் இருக்கிறது: "முதல் டீயோடு."

கடை கிளாஸ் சின்னது. ஏழு கிளாஸையும் சேர்த்தால் அரை லிட்டர் வரும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்குப்படி 150 மில்லி டீயில் 30 முதல் 65 மில்லிகிராம் கஃபீன். ஆக அதிகபட்சமாகப் பார்த்தால் நீங்கள் 200-ஐ ஒட்டித்தான் நிற்கிறீர்கள். கஃபீனைவிட எனக்குப் பெரிய கவலை, தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள். அது சாப்பாட்டிலும் மாத்திரையிலும் உள்ள இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு குடல் உறிஞ்சவிடாமல் செய்யும். அடுப்பில் தேயிலை கொதித்துக்கொண்டே கிடக்கிற கடை டீயில் துவர்ப்பு இன்னும் அதிகம். மாத்திரை போடுகிறீர்கள், டீ அதை வீணாக்குகிறது. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி கூடாது என்று அதே கழகம் சொல்வது இதற்காகத்தான். கர்ப்பிணிகளுக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும் அது பொருந்தும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் தருகிற மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ராத்திரி சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, கடையை மூடிய பிறகு, எலுமிச்சம்பழம் பிழிந்த தண்ணீரோடு போடுங்கள். பாலோடு வேண்டாம். கால்சியம் மாத்திரையோடும் சேர்க்க வேண்டாம், அது பகல் சாப்பாட்டோடு போகட்டும். மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிடுகிறவர்கள் நிறைய. அது மாத்திரையின் நிறம்தான். 8.9-க்கு ஒரு மாத்திரை போதுமா, இரண்டா, ஊசியா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். அடுத்த பரிசோதனைக்குக் காத்திருக்காமல் இந்த வாரமே போய்க் கேளுங்கள். கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே இருந்தாலே ரத்தசோகை. நம் நாட்டில் 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் பாதிக்கு மேற்பட்ட கர்ப்பிணிகள் அந்த வரிசையில் இருந்தார்கள்.

பச்சரிசி ஆசையை யாரும் கேலி செய்ய விடாதீர்கள். திருநீறு, சாம்பல், சிலேட்டுக்குச்சி என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னவர்கள் உண்டு. இரும்புச்சத்து குறைந்தவர்களிடம் இந்த ஆசை அதிகம் பார்க்கிறோம். ரத்தம் ஏறினால் பெரும்பாலும் தானாக அடங்கிவிடும். டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள். பூச்சி மாத்திரை போட்டாயிற்றா என்றும் கேளுங்கள்.

ஈரலில் இரும்பு நிறைய, ஆனால் வைட்டமின் ஏ-யும் அளவுக்கு மீறி இருக்கிறது. அது கூடினால் வளர்கிற குழந்தைக்கு ஆகாது. அதனால் கர்ப்பத்தில் ஈரலை நான் சொல்வதில்லை. சுவரொட்டியில் (ஆட்டு மண்ணீரல்) அந்தச் சிக்கல் இல்லை. நன்றாக வேகவைத்து வாரம் ஒரு நாள் சாப்பிடுங்கள். முருங்கைக்கீரை, முட்டை, சுண்டல் மற்ற நாட்களில். கீரையில் எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள். சர்க்காரின் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் வருகிற பேரீச்சம்பழம் நல்லதுதான், மாத்திரைக்குப் பதிலாக அதை வைத்துக்கொள்ளாதீர்கள்.

டீயை விடுங்கள் என்று டீக்கடைக்காரரிடம் சொல்ல எனக்கு வாய் வராது. ஏழு கிளாஸை மூன்றாக்குங்கள், சாப்பாட்டு நேரத்திலிருந்து தள்ளிக் குடியுங்கள்.

என் மகள் ஐந்தடி உயரம், கர்ப்பமாகும்போது 42 கிலோ. ஐந்து மாதமாகியும் இரண்டு கிலோதான் ஏறியிருக்கிறாள். இரண்டு பேருக்குச் சாப்பிடு என்றால் கேட்பதில்லை.
– ஒரு தாய், பண்ருட்டி

உயரம் 157 செ.மீ., கர்ப்பத்துக்கு முன் எடை 76 கிலோ. இப்போது ஐந்தாம் மாதம், 80. "இனி ஏறவே கூடாது" என்றுவிட்டார்கள். பயத்தில் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டேன். அம்மாவோ நெய்யை ஊற்றிக்கொண்டே இருக்கிறார்.
– வாசகி, சேலம்

இரண்டு கடிதங்களும் ஒரே தபாலில் வந்தன. இரண்டு அம்மாக்களும் கர்ப்பம் என்றால் இவ்வளவு எடை ஏற வேண்டும் என்று ஒரே அளவை மனதில் வைத்திருக்கிறார்கள். அப்படி ஒரே அளவு கிடையாது. எவ்வளவு ஏற வேண்டும் என்பது, கர்ப்பத்துக்கு முன் நீங்கள் எவ்வளவு இருந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண்ணைத்தான் பி.எம்.ஐ. என்கிறார்கள். பண்ருட்டி மகளுக்கு அது 18 சொச்சம், மெலிவு. சேலம் வாசகிக்கு 31-ஐ நெருங்குகிறது, பருமன். டாக்டர்கள் பரவலாகப் பார்க்கிற 2009-ம் ஆண்டு அமெரிக்க அட்டவணைப்படி முதலாமவர் மொத்தம் 12.5 முதல் 18 கிலோ வரை ஏறலாம். இரண்டாமவர் 5 முதல் 9 கிலோ. நடுத்தர எடைக்காரர்களுக்கு 11.5 முதல் 16. நம் ஊர் உடல்வாகுக்கு பி.எம்.ஐ. 23-ஐத் தாண்டினாலே அதிக எடை என்று எடுத்துக்கொள்வதால், நம் டாக்டர்கள் பலரும் பத்துப் பன்னிரண்டு கிலோவோடு நிறுத்தச் சொல்வார்கள்.

ஏறுகிற எடை எல்லாம் கொழுப்பா என்று சேலம் வாசகி அழாக்குறையாகக் கேட்டிருக்கிறார். பன்னிரண்டரை கிலோ ஏறினால் அதில் குழந்தை மூன்று கிலோவுக்கு மேல். நஞ்சுக்கொடி, பனிக்குட நீர், பெருத்த கர்ப்பப்பை மூன்றும் சேர்ந்து இரண்டரை. கூடுதல் ரத்தம் ஒன்றரை, உடம்பில் தேங்கும் நீர் ஒன்றரை, மார்பகம் அரைக்கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. பால் கொடுப்பதற்காக உடம்பு சேர்த்துவைக்கிற கொழுப்பு மூன்று கிலோ சொச்சம். உங்களிடம் அந்தச் சேமிப்பு ஏற்கெனவே இருப்பதால் குறைவாக ஏறினால் போதும் என்கிறார்கள், அவ்வளவுதான்.

ஆனால் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தியது தவறு அம்மா. இன்று இரவே ஆரம்பித்துவிடுங்கள். நீண்ட நேரம் வெறும் வயிற்றில் இருந்தால் உடம்பு கொழுப்பை எரித்து, கீட்டோன் என்ற அமிலப்பொருள் ரத்தத்தில் சேர ஆரம்பிக்கும். கர்ப்பம் எடை குறைக்கிற காலம் இல்லை. வெட்ட வேண்டியது வேறு: பழச்சாறு, விளம்பரத்தில் வருகிற மாவுப் பானம், பேக்கரிப் பண்டம், அம்மாவின் நெய்க் கிண்ணம். தட்டில் பாதி காய், கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்போ மீனோ முட்டையோ. டாக்டர் தடை சொல்லாவிட்டால் தினம் அரை மணி நேரம் நடை. வாரத்துக்குக் கால் கிலோவுக்குள் ஏறினால் சரி.

பண்ருட்டி அம்மாவுக்கு: "இரண்டு பேருக்கு" என்பதைக் கேட்டு எந்தப் பெண்ணும் மலைத்துப்போவாள். உள்ளே இருப்பது உங்களைப் போல ஒரு முழு ஆள் இல்லையே. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 கணக்குப்படி கர்ப்பிணிக்குக் கூடுதலாகத் தேவை நாளைக்கு 350 கலோரி. ஒரு டம்ளர் பால், ஒரு முட்டை, ஒரு கைப்பிடி வேர்க்கடலை, தீர்ந்தது. உங்கள் மகள் மெலிந்தவள் என்பதால் அதற்கு மேலும் கொஞ்சம் போகலாம். ஒரு தட்டை முன்னால் வைத்து மிரட்டாமல், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை சின்னக் கிண்ணத்தில் கொடுங்கள். அங்கன்வாடி சத்துமாவை உருண்டையாகப் பிடித்து, வேர்க்கடலை, எள் சேர்த்துக் கொடுத்தால் கஞ்சியை வெறுக்கிறவர்களும் சாப்பிடுவார்கள். வாரம் அரைக் கிலோ ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறாவிட்டால், வளர்ச்சி ஸ்கேன் பற்றி டாக்டரிடம் கேட்க வேண்டும்.

எடையை ஒரே மெஷினில் பாருங்கள், இருவரும். போன தடவை மருந்துக்கடை மெஷின், இந்தத் தடவை ஆஸ்பத்திரி மெஷின் என்றால் அந்த இரண்டு கிலோ யாருடையது என்றே தெரியாது. ஒரே வாரத்தில் திடீரென்று ஒரு கிலோ, ஒன்றரைக் கிலோ ஏறி, முகமும் கையும் வீங்கி, தலையும் வலித்தால் அது சாப்பாட்டால் வந்ததல்ல. அன்றைக்கே ரத்த அழுத்தம் பாருங்கள். இன்னொன்று, வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போனதும் எடை எகிறுவதை வருஷம் முழுக்கப் பார்க்கிறேன். கலந்த சாதங்கள் ஒரு நாள் சரி. அதையே மூன்று மாதம் தொடர வேண்டாம்.

குளுக்கோஸ் குடிக்க வைத்து எடுத்த சோதனையில் சர்க்கரை 152. எங்கள் வீட்டில் யாருக்கும் சர்க்கரை கிடையாது. இனி சோறே கூடாதா?
– வாசகி, மதுரை

75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 140-ஐத் தொட்டாலே கர்ப்ப கால நீரிழிவு என்று கணக்கு. வெறும் வயிற்றில் வர வேண்டியதில்லை என்பதுதான் நம் ஊர்ச் சோதனையின் வசதி. பஸ் பிடித்து வருகிற பெண்ணைப் பட்டினியாக வரச் சொல்வது எப்படி? இந்த எளிய முறையைப் பரப்பியதில் சென்னை டாக்டர் வி. சேஷய்யாவுக்குப் பெரிய பங்குண்டு. அவர் பிறந்த மார்ச் 10-ஐத்தான் கர்ப்ப கால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கிறோம்.

சோறு சாப்பிடலாம், அளவாக. பெரும்பாலும் முதல் இரண்டு வாரம் உணவும் நடையும் மட்டும் வைத்துப் பார்ப்பார்கள். சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120-க்குள் வந்தால் அப்படியே தொடரலாம், வராவிட்டால் மருந்து. காலையில் இரண்டு இட்லி, கூடவே ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ. மூன்று வேளையை ஆறாகப் பிரியுங்கள். நாட்டுச்சர்க்கரை, பனங்கருப்பட்டி, தேன் எல்லாமே ரத்தத்தில் சர்க்கரைதான், பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

பப்பாளி ஒரு துண்டு தெரியாமல் சாப்பிட்டுவிட்டேன். பயமாக இருக்கிறது.
– வாசகி, தேனி

நன்றாகப் பழுத்ததா? தூங்குங்கள். ஆகாது என்பது பால் வடிகிற காய்க்கும் அரைப்பழத்துக்கும்தான்.

மனைவிக்கு இரண்டாம் மாதம். காபியை விட்டுவிட்டாள். நானும் விட வேண்டுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

கேட்டீர்களே, அதற்கே ஒரு டம்ளர் கொடுக்கலாம். நீங்கள் விட வேண்டியதில்லை. ஆனால் மசக்கையில் பல பெண்களுக்குக் காபி வறுத்த வாசனைதான் முதல் எதிரி, அடுத்தது தாளிப்பு. அதனால் கொஞ்ச நாளைக்குக் காலைக் காபியைத் தெருமுனைக் கடையில் வைத்துக்கொள்ளுங்கள். போவதற்கு முன்னால், அவர் படுக்கையை விட்டு எழுவதற்குள், ஒரு கிண்ணத்தில் பொரியோ இரண்டு ரஸ்க்கோ தலைமாட்டில் வைத்துவிடுங்கள். வெறும் வயிற்றோடு எழுந்தால் குமட்டல் அதிகமாக இருக்கும். தண்ணீர்கூடத் தங்கவில்லை, சிறுநீர் குறைந்து மஞ்சளாகப் போகிறது என்றால் பொரியோடு நிறுத்தாமல் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். ஃபோலிக் ஆசிட் மாத்திரையை வாந்தி அடங்கியிருக்கும் நேரம் பார்த்து நீங்களே எடுத்துக் கொடுங்கள். அப்புறம், கடையிலிருந்து வரும்போது வாயைக் கொப்பளித்துவிட்டு வாருங்கள்.